கையால் பேசுகிறவர்களுக்கு என்ன விலை

இதை எழுத உனக்கு என்ன தகுதி என்று நானே என்னைக் கேட்டுப் பார்த்துவிட்டேன். பத்தாவது வரை படித்தவன் நான். வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னாலே கூச்சத்தில் தலையைக் குனிந்துகொள்வேன். பரளச்சிப் பக்கத்திலிருந்து கிளம்பி, போர்ச்சுகல் நாட்டின் தெற்கே ராஸ்பெர்ரி பறிக்க வந்தவன், இன்டர்நெட் கம்பெனிகள் எப்படி விலை வைக்கின்றன என்று எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். ஊரில் இருப்பவர்களுக்கோ, என்னைப் போல வெளியே வந்து கிடப்பவர்களுக்கோ இதில் ஒரு விஷயமாவது உபயோகப்படும் என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் ஆறு பேர் சேர்ந்து குடியிருக்கும் வீட்டில் ஒரு தொலைபேசி உண்டு. சுவரோரம் ஒரு ஸ்டூலின் மேல் வைத்திருக்கிறோம். நான் வந்த நாளிலிருந்து ஒருமுறைகூட அது மணியடித்ததில்லை. அதன் நம்பர் எங்களில் யாருக்கும் தெரியாது. வீட்டில் மூன்று பஞ்சாபிகள், இரண்டு நேபாளிகள், நான். யாரும் அதைக் கேட்டு வாங்கவில்லை. இன்டர்நெட் கேட்டோம், கூடவே அதையும், எங்களுக்குப் புரியாத மொழியில் எண்ணமுடியாத டிவி சேனல்களையும், கால்பந்துச் சேனல்களையும் சேர்த்துக் கொடுத்தார்கள். இன்டர்நெட் மட்டும் போதும் என்றால் விலை கொஞ்சம்தான் குறையும். ஆகையால் எல்லோரும் மொத்தமாகவே வாங்குகிறார்கள். அருப்புக்கோட்டையில் நாலு முழம் பூ வாங்கப் போனவனிடம் மாலையும் தேங்காயும் பழமும் தட்டோடு கொடுத்து, தனியாகப் பூ வாங்கினாலும் ஏறக்குறைய இதே விலைதான் என்று சொன்னால் எப்படி இருக்கும்? முதல் மாதம் எனக்கு அப்படித்தான் இருந்தது.

நம் ஊரில் வழக்கம் வேறு. பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து ரீசார்ஜ் கடையில் பணத்தைக் கொடுத்தால் இருபத்தெட்டு நாளுக்கு ஓடும். அதை ஒரு மாதம் என்றுதான் சொல்வார்கள். நாமும் சரி என்போம். ஒவ்வொரு நாளைக்கும் இவ்வளவு டேட்டா என்று அளந்து ஊற்றுவார்கள். அன்றைக்குள் செலவழிக்காததை அவர்களே எடுத்துக்கொள்வார்கள். நாள் முடிந்து ரீசார்ஜ் பண்ணவில்லையென்றால் நின்றுபோகும், அவ்வளவுதான். எங்கே போனாய், ஏன் வரவில்லை என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். இங்கே முதலிலேயே கேட்கிறார்கள், எத்தனை வருடம் இருப்பாய் என்று. அதற்கு ஃபிடெலிசசாவ் என்று பெயர். இரண்டு வருடம் இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டால் விலை இறங்கும். இடையில் விட்டுப் போனால் அபராதம். நாளைக்கு எந்தத் தோட்டத்தில் வேலை என்றுகூடத் தெரியாதவர்களிடம் இரண்டு வருடத்துக்கு வாக்குக் கேட்கிறார்கள்.

இனி என் மனைவியைப் பற்றிச் சொல்லவேண்டும். அவள் பெயர் பஞ்சவர்ணம். பிறவியிலேயே காது கேளாதவள், வாய் பேசாதவள். சில வருடம் காது கேளாதோர் பள்ளியில் படித்துக் கைமொழி கற்றிருந்தாள். கல்யாணத்தின்போது சொந்தக்காரர்கள், "பேசத் தெரியாதவளுக்கு, பேசக் கூச்சப்படுற மாப்பிள்ள. வீடு நல்லா அமைதியா இருக்கும்டா" என்று சிரித்தார்கள். அவர்கள் நினைத்தது நடக்கவில்லை. ஒரே வருடத்தில் அவளிடம் கைமொழி படித்தேன். பள்ளியில் கற்றது பாதி, நாங்கள் காட்டிலும் வீட்டிலும் உண்டாக்கிக்கொண்டது பாதி. வாயால் பேச வராத எனக்குக் கையால் பேசக் கூச்சமே இருந்ததில்லை. ஊர் வம்பு, ஆட்டுக்குட்டியின் குறும்பு, எதிர்வீட்டுக்காரர் நடை என்று அவளிடம் நான் ஓயாமல் பேசுவேன். அவள் என் கையைப் பிடித்து, போதும் என்று நிறுத்துவாள். நான் அருப்புக்கோட்டையில் பஸ் ஏறி மதுரைக்குக் கிளம்பும்போது மற்றவர்கள் ஜன்னல் வழியே கத்திக் கத்திப் பேசுவார்கள். பஸ் நகர்ந்ததும் அவர்கள் பேச்சு அறுந்துவிடும். நாங்கள் பஸ் மூலை திரும்பும் வரைக்கும் நிதானமாகப் பேசிக்கொண்டிருப்போம். எங்களுக்கு இருந்த ஒரே கஷ்டம் வெளிச்சம்தான். கரண்ட் போனால் பேச்சும் போய்விடும்.

சண்டை போட்டால் அவள் கைகளைக் கட்டிக்கொள்வாள். காது கேட்கிற பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசாமல் இருப்பார்களே, அதுபோல. இன்னொரு பழக்கமும் அவளுக்கு உண்டு. ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் யாராவது அவள் முகத்தைப் பார்த்து வாயசைத்தால் புரியாவிட்டாலும் மெல்லச் சிரித்துத் தலையாட்டிவிடுவாள். புரியவில்லை என்று சொன்னால் இன்னும் பலமாக வாயைத் திறந்து கத்துவார்கள்; அதைவிடத் தலையாட்டுவது சுலபம் என்பாள். அந்தத் தலையாட்டலை அவள் வெளியாட்களுக்கென்று வைத்திருந்தாள். எனக்கு ஒருநாளும் அதைக் காட்டியதில்லை.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மானாவாரிக் காடு இரண்டு மழை தவறியதும் நான் இங்கே வந்தேன். பக்கத்து வீட்டில் என் அண்ணனும் ராக்கு மதினியும் இருக்கிறார்கள் என்ற தைரியத்தில் வந்தேன். அப்போதுதான் எங்கள் ஊர்க் கம்பெனிகள் விலை வைப்பதில் ஒரு விஷயம் எனக்கு உறைத்தது. எந்த ரீசார்ஜ் பேக்கை எடுத்தாலும், பேசுவது இலவசம், எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம் என்றுதான் பெரிதாகப் போட்டிருப்பார்கள். டேட்டாவுக்குத்தான் அளவு. வாயால் பேசுகிறவர்களுக்கு நாள் முழுக்க இலவசம். கையால் பேசுகிறவர்களுக்கு அளந்து விற்பனை. மதினியிடம் இதைச் சொன்னபோது, "பேசுறதுதான் ஃப்ரீயா குடுக்கிறானே தம்பி, பெறகு என்ன?" என்று கேட்டார்கள். பஞ்சவர்ணம் பேக்கில் மேற்கொண்டு டேட்டா போட நான் பணம் அனுப்புகிற காரணம் அவர்களுக்குக் கடைசி வரை பிடிபடவில்லை.

இங்கே வந்த பிறகு தினமும் வேலை முடிந்ததும் வீடியோவில் பேசினோம். நன்றாகத்தான் போயிற்று. முதலில் தோட்டத்துக்காரர் கொடுத்த தகரக் கொட்டகையில் இருந்தோம். பிறகு இந்த வீட்டுக்கு மாறினோம். கொட்டகையைவிட இது ஆயிரம் பங்கு மேல். போனில் அவள் முகம் இன்னும் பளிச்சென்று தெரிந்தது. மூக்குத்தியின் கல்கூடத் தெரிந்தது. கம்பெனி நல்ல கம்பெனிதான் என்று நினைத்துக்கொண்டேன். சித்திரையில் ஒருநாள் அவளிடம் பெரிய விஷயம் ஒன்று கேட்டேன். இந்த நாட்டில் தங்குவதற்கான குடியிருப்பு அட்டை கைக்கு வரவேண்டுமென்றால் இன்னும் இரண்டு வருடம் நான் ஊருக்கு வராமல் இங்கேயே இருக்கவேண்டும் என்று நினைக்கிறேன், இருக்கட்டுமா என்று. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையாட்டினாள். நானும் தோட்டத்து மேஸ்திரியிடம், இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களில் அவள் பேச்சு குறைந்தது. நான் பேசுவேன், அவள் தலையாட்டுவாள். ஒருநாள் தோட்டத்தில் நடந்த ஒரு வேடிக்கையைச் சொன்னேன். சிரிக்கவேண்டிய இடத்தில் சிரிக்காமல், சொல்லி முடித்த பிறகு மெல்லச் சிரித்துத் தலையாட்டினாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்பு. ரேஷன் கடைச் சிரிப்பு. நான் சொன்னது என்ன, சொல் பார்க்கலாம் என்று கேட்டேன். அவள் அதற்கும் தலையாட்டினாள். திரும்பக் கேட்டேன். கைகளைக் கட்டிக்கொண்டாள். மறுநாள் போனை எடுக்கவில்லை. அதற்கடுத்த நாளும் எடுக்கவில்லை.

பிறகு பேசியது மதினிதான். அவர்கள் போனிலிருந்து அவர்களே கூப்பிட்டார்கள்.

"தம்பி, நான் ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கிராதீக."

"கேளுங்க மதினி."

"அங்க போயி குடிக்கப் பழகிட்டீகளா?"

நான் டீகூட ஒரு வேளைதான் குடிப்பேன். "இல்லையே மதினி, யாரு சொன்னா?" என்றேன்.

"ஒங்க பொண்டாட்டிதான். வந்து கையக் கையக் காமிச்சு அழுகுறா. போன்ல வந்தா ஒங்க கை கொழறுதாம். இந்தா, இப்பிடி இப்பிடி ஆட்டுறீகளாம். பாதி வார்த்தை முழுங்கிர்றீகளாம். காரியாபட்டிச் சந்தையில உருண்டு கெடப்பானே ஒருத்தன், அவன் மாதிரி ஆட்டிக் காமிக்கிறா. எனக்கே சிரிப்பு வந்துருச்சு, அழுகுறவ முன்னால."

பின்னாலிருந்து அண்ணன் குரல் வந்தது. "ஏலே, குடிச்சாலும் நல்ல சரக்கா குடில. சீமையில போயி எதுக்கு மட்டத்தக் குடிக்கிற?"

"நீங்க வாய மூடுங்க" என்று மதினி அதட்டியதும் தெளிவாகக் கேட்டது. அவர்கள் குரல் பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல இருந்தது. அதனாலேயே லைனில் கோளாறு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. என் வீட்டிலிருக்கும் மற்ற ஐந்து பேரும் அதே லைனில்தான் மனைவி மக்களோடு பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் குறை சொன்னதில்லை. பிறகு என்னவோ ஒரு யோசனை வந்து மதினியிடம், நான் பஞ்சவர்ணத்தோடு வீடியோவில் பேசும்போது அவள் போன் எப்படித் தெரிகிறதோ அதை உங்கள் போனில் படமெடுத்து அனுப்புங்கள் என்றேன்.

அனுப்பினார்கள். பார்த்தேன். என் முகம் இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கட்டங்கள். கைகள் இருக்கவேண்டிய இடத்தில் பிசைந்த களிமண் மாதிரி ஒன்று. விரல் ஒன்றுகூடத் தெரியவில்லை. நான் அவளைத் தெளிவாகப் பார்த்தேன். அதனால் அவளும் என்னை அப்படியே பார்க்கிறாள் என்று நினைத்துவிட்டேன். மாதக்கணக்காக ஒரு களிமண் உருண்டையைப் பார்த்துத்தான் அவள் தலையாட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். சித்திரையில் ஆட்டியதும் அந்தத் தலையாட்டல்தானா?

சனிக்கிழமை மதிய இடைவேளையில் டவுனில் இருக்கும் கம்பெனிக் கடைக்குப் போனேன். கடை முழுக்கக் கண்ணாடி, சுவர் முழுக்க டிவி. எல்லா டிவியிலும் ஒரே கால்பந்து ஆட்டம். விலைப் பலகையை அன்றைக்குத்தான் நிதானமாகப் பார்த்தேன். ஒவ்வொரு திட்டத்துக்கும் கீழ்நோக்கிய அம்புக்குறி போட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு எண் இருந்தது. அதன் அடியில் மேல்நோக்கிய அம்புக்குறியோடு எறும்பு அளவில் இன்னொரு எண். எங்கள் வீட்டுத் திட்டத்தில் முதல் எண் பெரிது, இரண்டாவது எண் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வருவது வேகமாக வரும். போவது நத்தை மாதிரிப் போகும். அந்த நத்தைப் பாதையில்தான் ஆறு பேரும் ஒரே நேரத்தில் எங்களை ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். குரல் மெலிசானது, எப்படியோ நுழைந்து போய்விடும். மற்றவர்கள் படம் கலங்கினாலும் குரல் போதும் அவர்களுக்கு. பத்து விரலும் போய்ச் சேரவேண்டியது எனக்கு மட்டும்தான். பலகையைப் பார்த்தால், வாடிக்கையாளன் என்பவன் உட்கார்ந்து டிவி பார்ப்பவன், அவனிடமிருந்து வெளியே அனுப்ப ஒன்றும் இருக்காது என்றுதான் கம்பெனி நினைத்திருக்கிறது.

இதையெல்லாம் போர்ச்சுகீசில் எப்படிச் சொல்வது? எனக்குத் தெரிந்தது வணக்கம், நன்றி, அதிகம், குறைவு, நாளை. கவுன்டரில் இனெஷ் என்று பெயர்ப் பட்டை குத்திய ஒரு பெண் இருந்தாள். மதினி அனுப்பிய படத்தைக் காட்டினேன். என் விரல்களை அசைத்துக் காட்டினேன். படத்தில் விரல் இல்லை என்று காட்டினேன். பலகையிலிருந்த மேல் அம்பைக் காட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள். தன் காதைத் தொட்டு, இல்லையா என்பதுபோலக் கையை விரித்தாள். நான் காது கேளாதவன் என்று நினைத்துவிட்டாள். இல்லையென்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. தலையாட்டினேன்.

அதன் பிறகு எனக்குக் கிடைத்த மரியாதையைச் சொல்லவேண்டும். இந்த நாட்டில் கடைகளில் நான் இரண்டு வார்த்தை தடுமாறுவதற்குள் எனக்குப் பின்னால் நிற்பவரைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். இனெஷ் நாற்காலி இழுத்துப் போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். எனக்கு நேராக உட்கார்ந்து, உதடுகளை அகலமாக அசைத்து மெதுவாகப் பேசினாள். காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினாள். ஒரு வார்த்தையும் புரியவில்லை. மெல்லச் சிரித்துத் தலையாட்டினேன். அவள் இன்னும் எழுதினாள். இன்னும் தலையாட்டினேன். எங்கள் தெருவுக்குப் புதிய கண்ணாடி இழைக் கேபிள் வந்துவிட்டது, அதில் போகிற வேகமும் வருகிற வேகமும் ஒன்று என்பது மட்டும் அம்புக்குறிகளிலிருந்து விளங்கியது. கடைசியில் ஒரு மின்திரையை என் பக்கம் திருப்பிக் கையெழுத்துப் போடும் பேனாவைக் கொடுத்தாள். திரையில் இருபத்து நான்கு மாதம் என்று இருந்தது.

பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பஞ்சவர்ணம் ஏன் தலையாட்டுகிறாள் என்பது இத்தனை வருடமாக எனக்குத் தெரியும். அது எப்படி இருக்கும் என்பது அந்த நாற்காலியில்தான் தெரிந்தது. இரண்டு வருடத்தை இன்னொரு முறை தலையாட்டி முடிவுசெய்யக் கூடாது என்று தோன்றியது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மொழிபெயர்ப்பு ஆப்பில் தமிழில் தட்டிக் காட்டினேன்: 'என் மனைவியைக் கேட்கவேண்டும். அவள் கையால் பேசுபவள். இங்கே இருக்கும் நல்ல லைனில் ஒருமுறை பேசலாமா?'

இனெஷ் படித்தாள். எழுந்து போய், விற்பனைக்கு வைத்திருந்த ஒரு தாங்கியை எடுத்துவந்து என் போனை அதில் நிறுத்தி, கடை லைனில் இணைத்துக் கொடுத்தாள். ஊரில் அப்போது சாயங்காலம், வெளிச்சம் இருந்தது. நான் கூப்பிட்டேன். நீண்ட நேரம் எடுக்கவில்லை. பிறகு மதினி இழுத்துக்கொண்டு வந்து உட்காரவைத்ததுபோல பஞ்சவர்ணம் கைகளைக் கட்டியபடி திரையில் வந்தாள். நான் இரண்டு கையையும் தூக்கி, என்னைப் பார், தெரிகிறதா என்றேன்.

அவள் முன்னால் குனிந்தாள். கட்டியிருந்த கை தானாக அவிழ்ந்தது. அவள் கையால் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன்.

"கட்டைவிரல்ல என்ன தழும்பு?"

பங்குனியில் கத்தரிக்கோல் பட்டது. எப்போதோ ஆறிவிட்டது. அவள் இன்றைக்குத்தான் பார்க்கிறாள். சொன்னேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். அப்போதே சொன்னேன், நீ தலையாட்டினாய் என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அவள் கை நிற்கவே இல்லை. "ஒங்க கை என்னைய மறந்துபோச்சுன்னு நெனச்சேன். சீமைக்குப் போனா வாய்ப் பேச்சு மாறுமாம்ல, கைப் பேச்சும் மாறிரும்போலன்னு நெனச்சேன். கேக்கப் பயந்துக்கிட்டுத்தான் தலையாட்டுனேன்."

சித்திரையில் கேட்டதைத் திரும்பவும் கேட்டேன். இரண்டு வருடம். ஒவ்வொரு விரலாக, நிதானமாக. அவள் திகைத்துப்போனாள். அப்படி ஒரு கேள்வி அவளுக்கு வந்தே சேரவில்லை. மறுபடியும் கைகளைக் கட்டிக்கொண்டுவிடுவாளோ என்று பயந்தேன். அவள் கைகளைக் கட்டாமல், "முடியாது" என்றாள். "தையில காட்டுல கொத்தமல்லி எடுக்க வாங்க. வந்து ரெண்டு மாசம் இருங்க. அட்டை கெடச்சாலும் சரி, தள்ளிப்போனாலும் சரி. திரும்பப் போறதா வேண்டாமான்னு எதுத்தாப்புல உக்காந்து பேசுவோம்." அவள் மறுத்ததும் எனக்கு உடம்பு லேசாகிவிட்டது. அவள் என் பேச்சுக்கு முடியாது என்று சொல்லி எத்தனை மாதம் ஆகிறது!

அந்த நேரம் பார்த்து மதினி திரைக்குள் தலையை நீட்டி, "தம்பி, குடிக்கலன்னு சத்தியம் பண்ணுங்க, நான் சாட்சி" என்று கத்தினார்கள். என்னை மறந்து, "சும்மா இருங்க மதினி!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். இனெஷ் நிமிர்ந்து பார்த்தாள். என் முகம் சிவந்திருக்கும். ஆப்பில், மன்னிக்கவும், எனக்குக் காது கேட்கும் என்று தட்டிக் காட்டினேன். அவள் படித்துவிட்டுக் கவுன்டரில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள். பிறகு இருபத்து நான்கு மாதத் திட்டத்தை மறுபடி என் பக்கம் திருப்பினாள். நான், "நாவ்" என்றேன். வேண்டாம் என்பதற்கு இங்கே உள்ள வார்த்தை. இந்த நாட்டில் ஒரு கவுன்டரில் நின்று நான் சொன்ன முதல் வேண்டாம் அதுதான்.

கட்டுப்பாடு இல்லாத திட்டமும் இருந்தது, பலகையின் மூலையில். அதே வேகம், மாத வாடகை அதிகம், கேபிள் இழுக்கத் தனிக் காசு. எப்போது வேண்டுமானாலும் விட்டுப் போகலாம் என்பதற்கு அந்த விலை. நம் ஊர் ரீசார்ஜ் மாதிரியே ஆகிவிட்டது, விலைதான் சீமை விலை. கூடுதலை நானே கட்டிக்கொள்வதாக வீட்டிலிருக்கும் மற்ற ஐந்து பேருக்கும் செய்தி போட்டேன். நீங்கள் யாராவது வெளிநாட்டில் லைன் வாங்கினால் எறும்பு எழுத்தைப் பாருங்கள். அவர்கள் முகம் உங்களுக்குத் தெளிவாகத் தெரிந்தால் உங்கள் முகம் அவர்களுக்குத் தெரிகிறது என்று அர்த்தமில்லை.

கையெழுத்துப் போட்டு முடிந்ததும் தாங்கியை வேறொருவருக்குக் காட்ட வேண்டியிருந்ததால் இனெஷ் கேட்டு வாங்கிக்கொண்டாள். பஞ்சவர்ணம் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்க மனம் வரவில்லை. ஒரு கையால் போனைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பேசினேன். எங்கள் வார்த்தைகளில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு கை வேண்டும். நான் பாதி வார்த்தையைச் சொல்லி வைக்க, மீதிப் பாதியை அவள் தன் கையால் போட்டு முடித்துக்கொண்டாள். என் இடது கை டிவிகளின் வெளிச்சத்தில் இந்த ஊரைப் பிடித்துக்கொண்டிருந்தது. வலது கை பரளச்சியில் இருந்தது.

திங்கட்கிழமை மழை. கேபிள் இழுக்க ஆள் வரவில்லை. வியாழக்கிழமை வருவார் என்று கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. நான் தோட்டத்துக்குப் போய், தையில் லீவு வேண்டும் என்று மேஸ்திரியிடம் சொன்னேன். பார்க்கலாம் என்றார்.